இரண்டு பொட்டலம்

சால்தாவிலிருந்து மேலேறிய ஜீப்பில்
எனக்குப் பக்கத்து இருக்கை ஐஸ்பெட்டிக்கு.
நீல மூடி போட்ட நூற்றுப்பன்னிரண்டு காலிப் புட்டிகள்.
கடலுக்கு மேலே மூவாயிரத்து எண்ணூறு மீட்டர்.
ஒவ்வொரு மூச்சையும் கேட்டு வாங்க வேண்டிய ஊர்.

"மூத்திரம் வாங்கவா இவ்வளவு தூரம்?"
நிக்காசியா சிரித்தாள். கோகா இலை
ஒரு கன்னத்தில் ஒதுங்கியிருந்தது.
கம்பளி உறையைப் பல்லால் கழற்றிப் புட்டியை வாங்கி
மண்சுவருக்குப் பின்னால் போனாள்.
அவள் வருவதற்குள் என் பேனாவில் மை உறைந்துவிட்டது.
பெயரைப் பென்சிலால் எழுதினேன்.

இங்கே தண்ணீர்
எரிமலைப் பாறைக்குள் நெடுங்காலம் படுத்திருந்து எழுந்து வருகிறது.
பளிங்கு. மணமில்லை. ருசிகூட நல்ல ருசி.
உள்ளே ஆர்சனிக்.
துப்பறியும் கதைகளில்
பணக்காரக் கணவனின் சூப்பில் விழுமே, அது.
இவர்கள் அதில்தான் சோளம் வேகவைத்தார்கள்,
பிள்ளைக்கு மாவு கரைத்தார்கள்,
செத்தவனைக் குளிப்பாட்டினார்கள்.

குடலில் காவல் கிடையாது.
உள்ளே வந்தவன் நேரே ஈரலுக்குப் போகிறான்.
அங்குள்ள நொதிகள் யார் நீ என்று கேட்பதில்லை,
கழுத்தைப் பிடித்துத் தள்ளவும் தெரியாது.
தெரிந்தது ஒன்றுதான்:
கட்டுச்சோறு கட்டிக் கையில் கொடுப்பது.
ஒரு கரி அணு, அதைச் சுற்றி மூன்று ஹைட்ரஜன்,
அவ்வளவுதான் பொட்டலம்,
நேற்றுத் தின்ற லாமாக் கறியில் கிள்ளி எடுத்தது.
ஒன்று. பிறகு இன்னொன்று.
இரண்டும் வாங்கியவன் தண்ணீரோடு நடந்து
சிறுநீரக வாசலில் இறங்கிப் போய்விடுவான்.
விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள்.
நஞ்சுக்கும் ஏறக்குறைய அதே தவணை.

சங்கடம் நடுவில்.
ஒன்றை வாங்கிக்கொண்டு இரண்டாவதற்குக் காத்து நிற்பவன்
வந்தபோது இருந்ததைவிடக் கொடியவன்.
பாதி உபசாரம் பகை.
என் போன்றவர்களின் ஈரல் அங்கேதான் தயங்கும்.
நிக்காசியாவின் ஈரல் தயங்குவதில்லை.

கடைசிப் புட்டி என்னுடையது, ஒப்பீட்டுக்காக.
ஒரு வாரம் அவர்கள் குழாயில்தான் குடித்திருந்தேன்.
ஆய்வகத் தாளில்
என் நடுக்கோடு அவளுடையதைப் போல இரு மடங்கு.

தாளைக் காட்டத் திரும்பப் போனேன்.
"யார் சொல்லிக்கொடுத்தது இதற்கு?"
வலது விலாவுக்குக் கீழே உள்ளங்கையை வைத்துக் கேட்டாள்.
யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.
தெரியாத ஈரல்கள் போய்விட்டன,
கருவிலேயே சில, பால்குடி மறக்கும் முன் சில.
எத்தனை ஆயிரம் வருஷம், எத்தனை சின்னக் குழிகள்.
மிச்சமிருந்தவர்கள் பெற்றவர்கள் பெற்றவள் நீ.
இதை நான் சொல்லவில்லை.
"பழக்கம்" என்றேன்.
மேட்டுக் கல்லறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு
இலையை மறு கன்னத்துக்கு மாற்றினாள்.

மறுநாள் வடிகட்டி நிலையம் திறந்தார்கள்.
ரிப்பன், எக்காளம், அதிகாரியின் நீளப் பேச்சு.
முதல் குவளையைக் குடித்து முகம் சுளித்தாள்:
"இதில் ஒன்றுமே இல்லையே."
இனி ஈரலுக்கு வேலை குறைவு என்றேன்.
"என்னுடையதற்கா? இருக்கலாம்.
எவரிஸ்தோவின் ஈரலுக்குச் சனிக்கிழமை தோறும் வேலைதான்."
மகன் தொப்பியைக் கண்வரை இழுத்துக்கொண்டான்.

புறப்படும்போது ஜன்னல் வழியே
துணியில் முடிந்த ஆட்டுப்பால் கட்டியை நீட்டினாள்.
கீழிறங்கும் பாதையில், காது அடைக்கத் தொடங்கிய திருப்பத்தில்,
மடியில் கை வைத்துப் பார்த்தேன்.
ஒரு பொட்டலம்தான்.